மூன்றாவது ஃபேன்

எங்கள் ஆலயத்தின் சுவர்களில் பதித்திருக்கும் சலவைக்கல் பலகைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். எந்தக் கேப்டன் காலராவில் போனார், எந்த லெப்டினன்ட் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டார், எந்தத் துரைசானி பிரசவத்தில் இறந்தார், எல்லாம் தேதியோடு சொல்வேன். ஆனால் ஒன்பது வருஷமாக என் பக்கத்தில் உட்காருகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னை அப்படியேதான் கூப்பிடுவார். அவருக்கும் அதே சங்கடமாக இருக்கலாம்.

"செத்துப்போன வெள்ளைக்காரன் எல்லாம் உங்களுக்குச் சொந்தம். உயிரோட இருக்கிற என் தம்பி பொண்ணு பேரு மட்டும் வாயில வராது" என்பாள் என் மனைவி. ஒரு தடவை அந்தப் பெண்ணின் கல்யாணத்திலேயே அவளை வேறு பெயர் சொல்லி வாழ்த்திவிட்டேன். அதற்குப் பிறகு மேடையில் மைக் என் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிக்கூடங்களின் கழிவறைகளையும் மழைநீர்க் கால்வாய்களையும் வரைந்தேன். ஓய்வு பெற்று பெங்களூர் தொம்மலூர் வீட்டில் உட்கார்ந்த மறுமாதமே கட்டிடக்கலை வரலாற்று அறிஞர் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. கொடுத்தது வேறு யாருமில்லை, நானேதான். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்களுக்கு ஆலயத்தைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தேன். வீட்டில் கேட்க ஆளில்லாததை எல்லாம் அங்கே கேட்டார்கள். அந்த ருசி லேசில் விடுகிறதா?

தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த பட்டாளத்துக்காக வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆலயம் அது. முன்வாசலில் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய நான்கு தூண்கள். உள்ளே போனால் பெஞ்சுகளின் முதுகில் வரிசையாக அரை வட்டமாக வெட்டியிருக்கும். சிப்பாய்கள் துப்பாக்கியைச் சாய்த்து வைப்பதற்காக வெட்டியது. இப்போது அதில் குடை வைக்கிறோம். கிழக்குப் பக்கம் வண்ணக் கண்ணாடி ஜன்னல். மேலே தேக்கு விட்டங்கள், அதற்கும் மேலே பலகை, அதன்மேல் மங்களூர் ஓடு.

முன்வாசல் தூண்களை இத்தாலியப் பளிங்கு என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் ஒரு பெண்மணி நகத்தால் சுரண்டிப் பார்த்து, "சார், சுண்ணாம்பு உதிருதே" என்றார். செங்கல் தூண்கள்தான். மேலே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் கண்ணாடி மாதிரி தேய்த்து விட்டிருக்கிறார்கள். மறுவாரத்திலிருந்து, "பலர் இதைப் பளிங்கு என்று தவறாக நினைக்கிறார்கள்" என்று பேச்சை மாற்றிக்கொண்டேன். அந்தப் பலர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

விட்டங்களில் தொங்கும் கொக்கிகளைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் குரலே கனத்துவிடும். மின்சாரம் வருவதற்கு முன்னால் அவற்றில் நீளமான துணி விசிறிகள் தொங்கின. அதன் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே உட்கார்ந்து ஆள் இழுப்பார். "இந்த இரும்பைப் பாருங்கள். அந்தக் காலத்து வேலை. இன்றைக்கும் நம்முடைய ஃபேன்களைத் தாங்கிக்கொண்டிருப்பது இதே கொக்கிகள்தான்" என்பேன். வெளியே உட்கார்ந்து இழுத்தது யார் என்று ஒருவர் கேட்டார். "வேலைக்காரர்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி ஜன்னலுக்குப் போய்விட்டேன். எங்கள் முப்பாட்டனார் பட்டாளத்தோடு பெங்களூருக்கு வந்தவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அவர் குதிரைகளுக்குப் புல் அறுத்தவர் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் சுற்றிக்காட்டுவதில்லை.

அந்தக் கொக்கிகளில் பதினான்கு ஃபேன்கள் தொங்கின. கூரை உயரம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கம்பி. எல்லாமே சபையார் கொடுத்தவை. வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஆலயத்துக்கு ஏதாவது வாங்கித் தருவதும், தந்ததில் பெயர் எழுதுவதும் எங்கள் வழக்கம். ஃபேனுக்கு மூன்று இறக்கை. ஒன்றின் அடிப்பக்கத்தில் "அன்பு நினைவாக", அடுத்ததில் இறந்தவர் பெயர், மூன்றாவதில் "மனைவி, மக்கள்". ஃபேன் ஓடினால் மூன்றும் கலந்து ஒரு மங்கலான வட்டமாகிவிடும். அதனால் நான் அவற்றைப் படித்ததே இல்லை. படிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இடது பக்கம் மூன்றாவது ஃபேனுக்கு நேர் கீழேதான் என் இடம். பெங்களூரில் ஃபேன் எதற்கு என்று கேட்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு பத்து மணித் தமிழ் ஆராதனைக்கு வந்து பார்க்க வேண்டும். வரலாற்று அறிஞர் கோட்டில்லாமல் வரலாமா? மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை அன்று, ஆரம்பப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது மட்டும் அந்த ஃபேன் நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் மறுபடி ஓடும். முதலில் கரன்ட் கோளாறு என்று நினைத்தேன். பிறகு யாரோ வேண்டுமென்றே சுவிட்சை அணைக்கிறார்கள் என்று தெரிந்தது. விட்டேனா? கமிட்டிக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசினேன். "விஷமி" என்ற சொல்லை நாலு தடவை பயன்படுத்தினேன். சுவிட்சின் மேல் நானே டேப் ஒட்டி, "தொடக்கூடாது" என்று எழுதினேன். மறுமாதம் ஃபேன் நிற்கவில்லை. காற்றில் கோட்டு நுனி பறக்க, ஜெயித்த களிப்போடு பாடினேன்.

அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கிற ஒரு இளம் ஆர்க்கிடெக்டைக் கமிட்டி அழைத்து வந்தது. வேலை ஆரம்பிக்கும் முன் ஆலயத்தில் எது பழையது, எது பின்னால் சேர்ந்தது என்று சபையே ஒரு பட்டியல் தரவேண்டும் என்றார் அந்தப் பெண். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் பட்டியலின் முதல் வாக்கியத்தை ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தேன்.

நாற்பது பக்கம் எழுதினேன். சலவைக்கல் பலகை ஒவ்வொன்றுக்கும் செதுக்கிய சிற்பி பெயரைக்கூடத் தேடிப் போட்டேன். பின்னால் சேர்ந்தவை என்ற பகுதியில் டியூப் லைட்டுகள், ஸ்பீக்கர் பெட்டிகள், பிளாஸ்டிக் பூத்தொட்டிகள், ஃபேன்கள். எதிரே ஒரே வரி: "வரலாற்று மதிப்பு இல்லாதவை, அகற்றலாம்." உதாரணமாக மூன்றாவது ஃபேனை எடுத்துக்காட்டி, "நெயில் பாலிஷால் கோணலாக எழுதப்பட்ட எழுத்துகள் ஆலயத்தின் கம்பீரத்தைக் கெடுக்கின்றன" என்று சேர்த்தேன். அன்று ஃபேன் ஓடவில்லை, அண்ணாந்து பார்த்தேன், நெயில் பாலிஷ் மாதிரி சிவப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். பெயரைப் படிக்கவில்லை. கடைசியில் விதிகள் என்று ஒரு பக்கம். முதல் விதி, இனி ஆலயச் சுவர்களில் யார் பெயரையும் பதிக்கக்கூடாது. கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை சுற்றிக்காட்டும் வேலை முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பலிபீடத்துக்குப் பூ வைக்கிற அம்மா என்னிடம் வந்தார். ஈஜிபுராவில் குடியிருக்கிறவர். வாரநாட்களில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்து ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சனிக்கிழமை சம்பளமில்லாமல் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்துப் பூ வைப்பார். என் வயதை ஒட்டியவர்தான். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் பேசியது, "பார்த்தும்மா, பெஞ்சு மேல தண்ணி படாம" என்பது மட்டும்.

"அண்ணா, ஃபேனெல்லாம் எறக்கிடுவாங்களாமே?"

விடுவேனா? கட்டிடத்தின் மூல வடிவம், காட்சித் தூய்மை என்றெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். கையில் துடைப்பத்தோடு பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் ஒன்று கேட்டார்.

"மூணாவது ஃபேனுமா?"

"எல்லாமும்தான். ஏம்மா?"

"அதுல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு."

வேறு ஏதாவது வாங்கித் தந்து அதில் எழுதலாமே என்றேன். ரொம்ப தாராளமாக யோசனை சொன்ன நினைப்பு எனக்கு. அவர் கோபப்படவில்லை.

"கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லண்ணா. கல்லு வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. மரச் சிலுவைதான் வெச்சோம், அது மழையில போயிடுச்சு. இப்ப அந்தக் குழியில வேற ஆளையும் வெச்சுட்டாங்க. அவர் பேரு எழுதி இருக்கிற எடம்னு பாத்தா இது ஒண்ணுதான். பெயிண்ட்டு உதுந்துபோச்சுன்னு போன வருஷம் கிறிஸ்மஸ் கிளீனிங் அப்ப பொண்ணு ஏணி மேல ஏறி நெயில் பாலிஷ்ல எழுதிச்சு. கொஞ்சம் கோணலா வந்துடுச்சு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"முன்னெல்லாம் திருவிருந்து அன்னிக்கு, ஆரம்பப் பாட்டுல ஃபேன நிறுத்திட்டு ஒருதரம் படிச்சிடுவேன். அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள போட்டுடுவேன், கீழ இருக்கிறவங்களுக்குக் காத்து வேணுமேன்னு. யாரோ டேப்பு ஒட்டிட்டாங்க. தொடாதேன்னு எழுதியிருக்கவே விட்டுட்டேன்."

"நான்தான் ஒட்டினேன்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் சொன்னேன். ஒன்பது வருஷமாக அந்த மனிதரின் காற்றில் உட்கார்ந்துகொண்டு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த கேப்டனின் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் வேலையாக டேப்பைப் பிய்த்தேன். ஆனால் கூரை வேலைக்காக அந்த வரிசைக்குக் கரன்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள்.

கமிட்டியில் ஃபேன்களை விட்டுவைக்கலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். செயலாளர் என் பட்டியலைப் பிரித்தார். "வரலாற்று மதிப்பு இல்லாதவை, அகற்றலாம். நீங்கதானே சார் எழுதினீங்க?" என்றார். சரி, ஃபேன் கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் ஒரு பலகையில் எழுதிச் சுவரில் வைக்கலாம் என்றேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி முதல் விதியை உரக்கப் படித்தார். என் தமிழ் நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பக்கமும் சந்து வைக்காமல் எழுதியிருந்தேன். என் தலையில் நானே இவ்வளவு நேர்த்தியாக மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அதற்கு முன்னால் இல்லை.

அதோடு ஆர்க்கிடெக்டும் ஃபேன்கள் இறங்கியே ஆகவேண்டும் என்றார். விட்டத்தைச் சோதித்த படங்களை போனில் காட்டினார். நான் குரல் கனத்துப் புகழ்ந்த கொக்கிகள் அத்தனையும் துருப்பிடித்து விரலால் தட்டினால் உதிர்கிற நிலையில் இருந்தன. அவை எப்போதோ எடை தாங்குவதை நிறுத்திவிட்டனவாம். ஃபேன்களைத் தாங்கியது வேறொன்று. ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில், விட்டத்தைச் சுற்றி வளைத்து போல்ட் போட்டு இறுக்கிய ஒரு தட்டை இரும்புப் பட்டை. ஃபேன் கம்பி அதில்தான் மாட்டியிருந்தது. தேக்கில் ஒரு ஆணிகூட அடிக்காமல், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் வைத்து, அவ்வளவு பொறுப்பாகச் செய்த வேலை. இது இல்லாவிட்டால் என்றைக்கோ யார் தலையிலாவது விழுந்திருக்கும் என்றார். "யார் போட்டது?"

கமிட்டி என்னைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? "பட்டாளத்து இன்ஜினியர்கள் பின்னால் பலப்படுத்தியிருக்கலாம்" என்றேன்.

ஆனேக்கலிலிருந்து வந்திருந்த தச்சு மேஸ்திரி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "இல்ல சார், இது நம்ம சிவாஜிநகர் கடையில கெடைக்கிற நட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன்.

சனிக்கிழமை பூ வைக்கிற அம்மாவிடம் போய், ஃபேனைக் காப்பாற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். டேப் ஒட்டிய விஷமி நான்தான் என்பதையும் சொன்னேன். காரணம் புரியட்டும் என்று கொக்கி, இரும்புப் பட்டை கதை எல்லாம் சொன்னேன். டேப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் வாடிய பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பட்டையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"அது எங்க வீட்டுக்காரர் போட்டதுண்ணா. ஃபேக்டரியில ஒயர்மேனா இருந்தாரு. இங்க ஃபேன் மாட்டினதெல்லாம் அவருதான். வெள்ளைக்காரன் கொக்கிய நம்பி ஆளுங்க தல மேல தொங்கவிட மாட்டேன்னாரு. கமிட்டிக்குச் சொன்னா ஆறு மாசம் பேசுவாங்கன்னு, சொல்லாமலே போட்டுட்டாரு. அவர் போனப்புறம் மூணாவது எடத்துப் பழைய ஃபேன் கெட்டுப்போச்சு, அவர் நெனவா வாங்கினத அவர் போட்ட பட்டையிலயே மாட்டினோம்."

சிற்பிகளின் பெயரை எல்லாம் சீமையில் தேடிய எனக்கு, இந்த ஃபேன்களை இத்தனை காலம் எங்கள் தலைமேல் பத்திரமாக வைத்திருந்தவர் யார் என்று பூக்கூடை வைத்திருக்கும் பெண்ணைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பட்டியலைத் திருத்திக் கொண்டுபோனேன். இரும்புப் பட்டைகளைக் கழற்றினால் தேக்கு சிதையும், அவை அப்படியே இருக்கட்டும் என்று ஆர்க்கிடெக்டும் எழுதித் தந்திருந்தார். பாதுகாக்க வேண்டியவை என்ற பகுதியில் பட்டைகளைச் சேர்த்து, செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். கமிட்டி ஒப்புக்கொண்டது. பெரிய சாதனை செய்த பெருமிதத்தோடு அந்த அம்மாவிடம் ஓடினேன்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணா" என்றார். கொஞ்ச நேரம் பூக்காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தார். "ஆனா ஃபைலு பீரோவுல இருக்கும். எனக்கு இங்க உக்காந்து மேல பாத்தா தெரியணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அதைத் தடுத்துக்கொண்டு நின்றது என் முதல் விதி. அன்று ராத்திரி அதை எத்தனை தடவை படித்தேனோ. சுவர்களில் பதிக்கக்கூடாது என்றுதான் எழுதியிருந்தேன். விட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பது பக்கம் எழுதியவனுக்கு மேலே பார்க்கத் தோன்றாமல் போனதற்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

ஃபேன்கள் இறங்கிய வாரம். சாரம் கட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போனதும் நான் கோட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறினேன். முழங்கால் இரண்டும் ஒவ்வொரு படியிலும் சத்தம் போட்டன. பாதி உயரத்தில் கீழே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது. ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு, சங்கீதத்தில் நினைவுக்கு வந்ததை எல்லாம் முணுமுணுத்தேன். கீழே வாசலில் அந்த அம்மா துடைப்பத்தோடு, செயலாளர் வருகிறாரா என்று காவல் நின்றார். என் சட்டைப் பையில் அவர் மகள் கொடுத்தனுப்பிய சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில்.

தேக்கின் மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு வரலாற்று அறிஞன் இன்னும் மிச்சம் இருந்தான். மூன்றாவது இடத்து இரும்புப் பட்டையின் அடிப்பக்கத்தில், அவர் கையாலேயே வளைத்த இரும்பில், அவர் பெயரை எழுதினேன். முப்பது வருஷம் ஸ்கேல் வைத்து எழுதிப் பழகிய கை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் அந்தக் குட்டித் தூரிகையால் எழுதியபோது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் போனது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமே என்று பெரிதாக வேறு எழுதினேன்.

இறங்கி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுண்ணா." கொஞ்சம் தயங்கினார். "எங்க பொண்ணு எழுதினதவிட ஜாஸ்தி கோணலா இருக்கு."

இதையெல்லாம் எழுதி ஒரு புத்தகத்தில் போடட்டுமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். எழுதுங்க, ஆனா பேரு வேணாம், பேரு ஆலயத்துல இருந்தா போதும் என்றார். அதனால்தான் இங்கே இல்லை. கமிட்டியில் யாராவது இதைப் படித்தால், ஆலயத்தின் கம்பீரத்தைக் கெடுத்த விஷமி யார் என்று இப்போது தெரிந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்கு நான் கோட்டோடு வருகிறேன்.

கூரை வேலை முடிந்து வந்த முதல் திருவிருந்து ஞாயிறு. நடைபாதையில் நிற்கிற புது ஃபேன்கள் வந்திருந்தன. காற்று பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியதே தவிர, என் இடத்துக்கு ஒரு துளி எட்டவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் பெயரைக் கேட்டேன். திடுக்கிட்டு, சொன்னார்.

ஆரம்பப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். அந்த அம்மா பழக்கத்தில் சுவிட்ச் பலகைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். இத்தனை வருஷமும் அவருக்குக் கிடைத்தது ஒரு பாட்டு நீளம்தான், அதையும் நான் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். ஜெபம் போனது, வேதபாடம் போனது, போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அந்த அம்மா இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.